மூலைப் புங்கன்

ராத்திரியில் இந்தத் தெரு அமைதியாக இருக்குமா என்று கேட்டீர்கள். இருக்கும். இருட்டிய பிறகு ஒரே ஒரு சத்தம்தான் வந்துகொண்டிருந்தது, அதுவும் இப்போது நின்றுவிட்டது. டிங்... டிங்... என்று, யாரோ ஸ்பூனால் இரும்புக் கம்பியைத் தட்டுவது போல. தட்டிவிட்டு, யாராவது விழித்திருக்கிறார்களா என்று காத்திருந்து, மறுபடி தட்டுவது போல.

உட்காருங்கள். ஓனர் பத்து நிமிஷம் என்றுதான் போனில் சொல்வார். மாடிச் சாவி வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும். ஃபேன் போடட்டுமா? இவன் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறான் பாருங்கள். எல்லாரிடமும் போகமாட்டான்.

நீங்கள் மாடிக்கு வந்துவிட்டால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. இவன் அப்பாவுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நைட் ஷிப்ட். மேலே ஆள் நடமாட்டம் இல்லாத வீட்டில் கீழே கைக்குழந்தையோடு தனியாகப் படுப்பது இருக்கிறதே, சொல்லி முடியாது. நான் சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. கான்வென்ட் ஹாஸ்டலில்கூட வராந்தா விளக்கை அணைத்தால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

உங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றீர்களே, அதனால்தான் ஒன்று சொல்கிறேன். நீங்கள் பால் காய்ச்சிய மறுநாளே சம்பந்தம் சார் வருவார். அசோசியேஷன் செகரெட்டரி. டெலிபோன் ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர், நல்ல மனிதர். "குழந்தை பேர் என்னம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். சொல்லாதீர்கள். அவர் பேர் கேட்பது செடிக்கு.

வரும்போது பார்த்திருப்பீர்கள். தெருமுனையில் மூடிக் கிடக்கிற அரிசி குடோன், அதன் நீளச் சுவரோரம் வரிசையாக இரும்புக் கூண்டுகள், கூண்டுக்குள் புங்கங்கன்று, கூண்டில் தகட்டில் எழுதிய பேர். எல்லாம் இந்தத் தெருக் குழந்தைகளின் பேர். அந்த யோசனை என்னுடையது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

மழைநீர் வடிகால் வெட்டினார்கள். வாசலுக்கு வாசல் இருந்த பழைய மரங்கள் எல்லாம் அதில் போய்விட்டன. பகல் பதினொரு மணிக்கு இந்த ஹாலில் கால் வைக்க முடியாது, அப்படி வெயில். புதிதாக மரம் வைக்க வாசலில் இடமில்லை. ஒரு பக்கம் வடிகால், இன்னொரு பக்கம் தலைக்கு மேலே கரண்ட் ஒயர். மிச்சம் அந்தக் குடோன் சுவர்தான். என்ன மரம் வைப்பது என்று முடிவு பண்ண சம்பந்தம் சார் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம். போண்டா, காபி எல்லாம் உண்டு.

யாரோ வேம்பு என்றார்கள். கார் வைத்திருக்கிற ராஜசேகர் சார் உடனே எழுந்துவிட்டார். "வேம்பு வேணவே வேணாம். இன்னைக்கு வேம்பு, நாளைக்கு மஞ்சத் துணி, வர்ற ஆடிக்கு ஸ்பீக்கர் செட்டு. தெருவுல பரீட்சைக்குப் படிக்கிற பசங்க இருக்காங்க."

"அப்ப தென்னை?"

"காய் யாருக்கு?"

அந்த ஒரு கேள்வியில் தென்னை போய்விட்டது. முருங்கை என்றதும், "கம்பளிப்பூச்சி கடிச்சா நீங்க வந்து சொறிஞ்சு விடுவீங்களா?" என்று ஓர் அம்மா. பாதாம் மரம் என்றதும், உதிர்கிற இலையை யார் கூட்டுவது என்று சண்டை. ராஜசேகர் சார் கடைசியாக, "எந்த மரம் வேணா வைங்க சார், காக்கா உட்காராத மரமா வைங்க. கார் புதுசு" என்றார்.

"அப்ப பிளாஸ்டிக் மரம்தான் வைக்கணும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அது உலகக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

எதிர் வீடு, பச்சைக் கதவு, தெரிகிறதா? அதுதான் உலகக்கா வீடு. உலகம்மாள். தென்காசிப் பக்கம். வீட்டுக்காரர் மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஒரே பெண், பேச்சி. பேச்சியம்மாள் என்று குலசாமி பேர். இந்தக் காலத்தில் யார் அப்படிப் பேர் வைக்கிறார்கள் என்று நான்கூட முதலில் நினைத்தேன். ஆனால் அக்கா இல்லாவிட்டால் இவனை நான் வளர்த்திருக்கவே முடியாது. இவனுக்கு முதல் எண்ணெய்க் குளியல் அக்கா கையால்தான். நைட் ஷிப்ட் வாரமானால் பேச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இதே ஹாலில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், பாய் விரித்துப் படுப்பார். ஒருநாள்கூட நான் கூப்பிட்டதில்லை. அவராகவே வருவார்.

கூட்டம் அடிதடியில் முடியப் போகிறது என்கிற நேரத்தில் நான் எழுந்தேன். கைபேசியில் பார்த்து வைத்திருந்தேன். புங்கன் சீக்கிரம் நிழல் தரும், மாட்டுக்குப் பிடிக்காது, பழத்துக்காக யாரும் கல் எறிய மாட்டார்கள், கோயில் கட்ட மாட்டார்கள். ஒரே மாதிரி எல்லாம் புங்கன் வைத்தால் என் மரம் உன் மரம் என்ற பேச்சே வராது. கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்கியது. சம்பந்தம் சார் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

கை தட்டினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஸ்கூலில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மரம் இருந்தது. வகுப்பின் பேரை எழுதி மாட்டியிருப்பார்கள். எங்கள் மரம் வாடினால் சிஸ்டர் ஃபிலோமின் எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். அதைச் சொல்லி, செடிக்கு ஒரு குழந்தையின் பேர் வைப்போம், அப்போது அந்த வீட்டுக்காரர்கள் தண்ணீர் ஊற்ற மறக்க மாட்டார்கள் என்றேன்.

உலகக்கா மட்டும், "பிள்ளை பேரு வேண்டாம் சார்" என்றார். "எங்க ஊர்ல மரத்துக்குச் சாமி பேரு வைப்போம். பிள்ளை பேரைக் கொண்டுபோய் ரோட்டுல நட்டு வைக்கணுமா?"

நான் சிரித்தேன். "அக்கா, இதெல்லாம் மூடநம்பிக்கை. செடி வேற, பிள்ளை வேற."

"உலகம்மா, உங்க செடிக்கு வேணா அம்மன்னே எழுதிப் பொங்கல் வைங்க" என்றார் ராஜசேகர் சார். மாடி முழுக்கச் சிரிப்பு. அக்காவும் சிரித்துவிட்டு, "சரி, ஊரோட ஒத்துப் போவோம். எம்மவ பேரையும் எழுதிக்கிடுங்க" என்றார்.

யோசனை என்னுடையது என்பதால் எந்த இடம் வேண்டும் என்று என்னைத்தான் முதலில் கேட்டார்கள். நான் மூலையை எடுத்துக்கொண்டேன். மெயின் ரோட்டிலிருந்து திரும்புகிறவர்கள் முதலில் வாசிக்கிற பேர் விஹான் என்று இருக்கட்டுமே என்று ஓர் ஆசை. அடுத்த இடத்தை அக்கா வாங்கிக்கொண்டார். "பக்கத்துப் பக்கத்துல இருந்தா ரெண்டுக்கும் நானே ஊத்திருவேன். நீ பச்சைப் பிள்ளையைப் போட்டுட்டுக் குடம் தூக்காண்டாம்." சொன்ன மாதிரியே தினமும் காலையில் ரெண்டுக்கும் அவர்தான் ஊற்றினார்.

எல்லாச் செடியும் துளிர்த்தது. மூலைச் செடி மட்டும் துளிர்க்கவில்லை. இலை ஓரமெல்லாம் கருகி, பழுத்து, ஒவ்வொன்றாக உதிர்ந்தது.

"மூலைல்லா" என்றார் அக்கா. "எதுத்த டீக்கடைக்கு வார ஆம்பளையெல்லாம் எங்கன போய் ஒதுங்குவான்னு நினைக்கே? அந்தச் சூடு செடி தாங்குமா?" அவரே சாமி படம் போட்ட டைல்ஸ் வாங்கி வந்து சுவரில் சிமெண்ட் வைத்து ஒட்டினார். ஆம்பளைகள் சாமிக்கு ஒரு சாண் தள்ளி நின்றார்கள். அந்த ஒரு சாணில்தான் செடி இருந்தது.

காரணம் அவ்வளவுதான். எனக்குத் தெரியும். ஆனால் இவனுக்கு அப்போது பார்த்து உடம்பு சரியில்லாமல் போனது. சளி, அது விட்டதும் காய்ச்சல், காய்ச்சல் விட்டதும் பால் குடிக்க மாட்டேன் என்று அழுகை. எடை ஏறவில்லை. டாக்டர், "ஒண்ணுமில்லம்மா, சீசன்" என்றார். நான் வீட்டுக்கு வரும் வழியில் செடியைப் பார்ப்பேன். ஓர் இலை குறைந்திருக்கும். காலையில் எழுந்து இவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் ஜன்னலில் நின்று அந்த மூலையைப் பார்ப்பேன். நானா இப்படி? பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் படித்தவள். ராகு காலம் பார்க்கிற மாமியாரிடம் வாக்குவாதம் பண்ணினவள். இவன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. சிரிப்பார் என்று இல்லை. சிரிக்காமல் இருந்துவிடுவாரோ என்றுதான் பயம்.

அந்த வாரம் நைட் ஷிப்ட். உலகக்கா தன் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். இவனுக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதிக்கிறது. அப்போதுதான் அந்தச் சத்தம். டிங்... டிங்... நான் திருடன் என்றுதான் நினைத்தேன். இவன் அப்பாவுக்குப் போன் போட்டேன், கம்பெனிக்குள் எடுக்க மாட்டார்கள். கேட்டைத்தான் தட்டுகிறான், நான் தனியாக இருக்கிறேனா என்று பார்க்கிறான் என்று நினைத்தேன். பிறகு காது கொடுத்துக் கேட்டால் சத்தம் கேட்டில் இல்லை, மூலையில்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, இவனைத் தோளில் போட்டுக்கொண்டு டார்ச்சோடு போய்விட்டேன். பார்த்தால், தகடு. விஹான் என்று எழுதிய தகடு. ஒரு பக்கம் கட்டுக்கம்பி அறுந்து, காற்றில் ஆடிக் கூண்டுக் கம்பியில் மோதிக்கொண்டிருந்தது. உள்ளே செடியில் ரெண்டே ரெண்டு இலை.

திருப்பிக் கட்டலாம் என்றுதான் இன்னொரு பக்கக் கம்பியையும் முறுக்கி அவிழ்த்தேன். தகடு கையோடு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கூண்டில் டார்ச் பட்டது. அங்கே செடி என் இடுப்பளவு வளர்ந்து கொழுகொழு என்று நிற்கிறது. பேச்சியம்மாள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கைதான் செய்தது. பேச்சி தகட்டைக் கழற்றி மூலையில் கட்டினேன், இவன் தகட்டை அங்கே கட்டினேன். கம்பி நுனி விரலில் குத்தி ரத்தம் வந்தது. ஒரு நாய் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டி முடித்தபோது இவன் என் தோளிலேயே தூங்கிப் போயிருந்தான்.

விடியும்போது காய்ச்சல் இறங்கிவிட்டது.

சீசன் காய்ச்சல், இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கியது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்று காலையில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது. படித்த பெண் இப்படியா? சிஸ்டருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்?

ஊரிலிருந்து வந்த மறுநாள் அக்கா குடத்தோடு போனார். நான் இந்த ஜன்னலில்தான் நின்றேன். ரெண்டு கூண்டுக்கும் நடுவில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வெகு நேரம் நின்றார். பிறகு ரெண்டுக்கும் ஊற்றினார். நேராக இங்கே வந்து, இவனை வாங்கி, கன்னத்தை ஒட்டிப் பார்த்து, "சூடு விட்டிருச்சே" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "உம்மவன் செடி நல்லாத் துளிர்த்திருக்கு சோபனா" என்றார்.

"ஆமாக்கா" என்றேன். "கடவுள் புண்ணியம்."

அக்கா இவனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "சரி" என்றார். "இருக்கட்டும்."

அன்றைக்கு ராத்திரியும் வழக்கம் போலப் பேச்சியைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கேதான் படுத்தார். அதனால்தான் சொல்கிறேன், அவருக்குத் தெரியாது. தெரிந்தால் யாராவது வந்து படுப்பார்களா? எல்லாம் ஒரே மாதிரிச் செடி. எது எந்த இடம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது?

அப்புறம் பேச்சிக்குக் காய்ச்சல் வந்தது.

டெங்கு என்றார்கள். இந்த வடிகாலில் தண்ணீர் நிற்கிறதே, கொசு வராமல் என்ன செய்யும்? தெருவில் இன்னும் சிலருக்கும் வந்தது. அதையும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் அணுக்கள் குறைகிறது என்று பஞ்சர் கடை அண்ணன் வாசலில் நின்று சொன்னார்.

திருப்பி மாற்றிவிடலாம் என்று கேட் வரைக்கும் போனேன். ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. கேட்டுக்கு அந்தப் பக்கம் கால் போகவில்லை. மாற்றினால் அந்த மூலை யாருக்கு வரும்? நீங்களும் பிள்ளை பெற்றவர்தானே, நீங்களே சொல்லுங்கள். நீங்களாக இருந்தால் மாற்றுவீர்களா?

வேண்டாம், சொல்ல வேண்டாம்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. மூலைச் செடிக்கு ஆட்டெரு வாங்கிப் போட்டேன். ரெண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். பேச்சிக்காகத்தான். அதற்கு முன்னால் அந்தச் செடிக்கு நான் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதில்லை என்பதும் அப்போதுதான் நினைவு வந்தது. கடைசி இலையும் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கவில்லை. கைக்குழந்தையோடு அங்கெல்லாம் போகக் கூடாது என்பார்கள் இல்லையா?

நடுவில் ஒருநாள் அக்கா துணி எடுக்க வந்தார். தலை வாரவில்லை. கண்ணெல்லாம் உள்ளே போய்க் கிடந்தது. வீட்டுக்குள் போனவர் குடத்தோடு வெளியே வந்தார். பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது செடிக்குத் தண்ணீர். விஹான் செடிக்கு ஊற்றினார். மூலைக்குப் போய், ஒற்றைக் குச்சியாக நிற்கிறதே, அதற்கும் ஊற்றினார். பிறகு குறட்டால் கம்பியை வெட்டி, பேச்சி பேர் போட்ட தகட்டை எடுத்து முந்தானையில் துடைத்து, துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நீங்கள் வரும்போது பேரில்லாத ஒரு கூண்டு பார்த்தீர்களே, அதுதான். காற்றில் ஆடிச் சத்தம் போடுகிறது என்று கழற்றியிருப்பார்.

அந்தக் கூண்டில் இப்போது வேறு கன்று வைக்கப் போகிறார் சம்பந்தம் சார். உங்கள் பெண் பேரைத்தான் கேட்பார். அந்த மூலைக்கு. புரிகிறதா நான் ஏன் சொல்கிறேன் என்று?

இருங்கள். ஆட்டோ. எதிர் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அவர்கள்தான். இன்றைக்கு டிஸ்சார்ஜ் என்று அண்ணன் சொன்னார். நடந்து வருகிறாள் பாருங்கள், பேச்சி. தானாக நடந்து வருகிறாள். அப்பாடா.

காலையிலிருந்து கஞ்சி வைத்து மூடி வைத்திருக்கிறேன். இவனைக் கொஞ்சம் பிடியுங்கள். ஒரு நிமிஷம். கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன்.

வந்துவிட்டேன். அழுதானா? கொடுங்கள் இப்படி. இல்லை, ஒன்றுமில்லை, வெயில், அதனால்தான் கண்.

பேச்சி இளைத்துவிட்டாள். கையில் ஊசி குத்தின இடமெல்லாம் நீலம். என்னைப் பார்த்ததும், "விகான் தம்பி எங்க?" என்று ஓடி வந்தாள். அக்கா, "தம்பி தூங்குதான். நீ உள்ள போ" என்றார்.

கஞ்சியை நீட்டினேன். "டாக்டர் வெளிச் சாப்பாடு குடுக்கக் கூடாதுன்னுட்டாரு" என்றார். என் வீட்டுக் கஞ்சி எப்போது வெளிச் சாப்பாடு ஆனது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "இவன் அப்பாவுக்கு இன்னைக்கு நைட் ஷிப்ட்டுக்கா" என்றேன். அதை ஏன் சொன்னேன்? வாய் பழகிவிட்டது.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"உங்க மகனுக்கு ஒண்ணும் வராது" என்றார். "அந்தச் செடிக்கு முதல்லருந்து நான்தானே தண்ணி ஊத்துதேன். இனியும் ஊத்துவேன். நீங்க பயப்படாதீங்க."

நீங்க என்கிறார், என்னை.

கதவைச் சாத்தினார். பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. ராத்திரியில்கூட வெறுமனே ஒருக்களித்து, உள்ளே ஒரு நாற்காலியை நகர்த்தி வைப்பார்கள், அவ்வளவுதான். குழந்தைக்குக் காற்றுப் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பார். அப்படித்தான் இருக்கும். உள்ளே தாழை இழுக்கிற சத்தம் கேட்டது. புழங்காத தாழ் இல்லையா, ஏறவில்லை. இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். நான் தூக்குச் சட்டியோடு படியிலேயே நின்றேன். சொல்வதற்கு அவ்வளவு நேரம் இருந்தது. வாயைத் திறந்தேன். "அக்கா, கஞ்சியில உப்புப் போடல" என்றுதான் வந்தது.

உள்ளேயிருந்து கதவைத் தோளால் முட்டித் தள்ளினார் போலிருக்கிறது. கடைசியில் தாழ் விழுந்தது.